முதல் வசனம் வராதபோது

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காகச் சிறிது சுருக்கப்பட்டுள்ளது.)



இந்த மேடையில் நான் கடைசியாகப் பேச ஏறியது ஆண்டு ஒன்பதில், பேச்சுப் போட்டிக்கு. மூன்றாவது நிமிடத்தில் எல்லாம் மறந்துபோய், கும்பிட்டுவிட்டு இறங்கி ஓடினேன். அன்றைக்கு மணி அடித்த ரீச்சர் இங்கே இருக்கிறார். ரீச்சர், இன்றைக்கும் மணியைக் கையில் வைத்திருங்கோ.

தலைவி அக்கா என்னைக் கேட்டது பெண்களின் உடல்நலம் பற்றிப் பேசும்படிதான். பிரஷரையும் சீனி வருத்தத்தையும் பற்றி நீங்கள் போதுமான அளவு கேட்டிருப்பீர்கள். ஆகவே எனக்கு இருபது வருடமாக இருக்கும் ஒரு வருத்தத்தைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். அக்கா பயந்துவிட்டார். அது பெரிய வருத்தம் ஒன்றுமில்லை. வேலையில் எழுத வேண்டியதை எழுத உட்கார்ந்தால் எழுத வராது. அவ்வளவுதான். கதை, கவிதை எழுதுபவர்களுக்கு இது வந்தால் மரியாதையாகப் பேசுவார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு வந்தால் அதற்குச் சோம்பல் என்று பெயர்.

ஆனால் இதன் விலையை வேறு யாரோதான் கொடுக்கிறார்கள். வைத்தியசாலையில் ஒரு நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது 'டயக்னோசிஸ் கார்ட்' எழுதிக் கொடுப்போம். என்ன வருத்தம், என்ன செய்தோம், இனி என்ன மருந்து, எப்போது கிளினிக்குக்கு வரவேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு 'நீங்கள் போகலாம்' என்று சொல்லிவிடுவோம். கார்ட் கைக்கு வரப் பின்னேரம் நாலு மணியாகும். அதற்குள் ஊருக்குப் போகும் கடைசி பஸ் போய்விடும். ஒரு அம்மாவும் மகளும் மருந்துப் பையோடு வாங்கிலில் இருந்துகொண்டே இருப்பார்கள். எழுத வேண்டிய பிள்ளை உள்ளே பேனையைப் பிடித்தபடி இருக்கும். நானும் அந்தப் பிள்ளையாக இருந்திருக்கிறேன்.

இந்த வருத்தம் எனக்கு எங்கே பிடித்தது என்று யோசித்துப் பார்த்தேன். இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் என்று சொன்னால் அதிபர் கோபிக்கக் கூடாது. குற்றம் பள்ளிக்கூடத்தினுடையது அல்ல, காலத்தினுடையது.

தொண்ணூறுகளின் முதற்பாதியில் இங்கே படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். தாள் கிடைக்காத காலம் அது. பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தன. ஒரு கொப்பி வாங்குவதற்கு அப்பா சைக்கிளில் எத்தனை கடை ஏறி இறங்கினார் என்பது எனக்குத் தெரியும். மட்டையின் உட்பக்கத்திலும் எழுதினோம். அடித்துத் திருத்துவது அந்த நாளில் அநியாயம். ஒரு கட்டுரை எழுத வேண்டுமென்றால் முழுவதையும் மனதில் எழுதி, மனதிலேயே திருத்தி, பிழையில்லை என்று தெரிந்த பிறகுதான் தாளில் பேனையை வைப்போம். என்னுடைய கொப்பியில் ஒரு வெட்டு இருக்காது. அதற்காக எனக்குப் பரிசும் கிடைத்தது. 95 இடப்பெயர்வில் வீட்டில் விட்டுவந்த பொருட்களில் அந்தக் கொப்பிகளை நினைத்துத்தான் அதிகம் அழுதேன்.

அந்தப் பழக்கம் ஒரு பக்கக் கட்டுரைக்குச் சரி. பத்துப் பக்க அறிக்கையை யாரும் மனதில் எழுதி முடிக்க முடியாது. இன்றைக்கு என் மேசையில் கட்டுக் கட்டாகத் தாள் இருக்கிறது. கணினியில் எத்தனை தரமும் அழிக்கலாம். ஆனால் கை இன்னும் அந்தக் கடைசிக் கொப்பியில்தான் எழுதிக்கொண்டிருக்கிறது. பிழையில்லாத முதல் வசனம் வரும்வரை எழுத மாட்டேன் என்கிறது. எங்கள் வயதுக்காரர் பலருக்கு இது இருக்கலாம் என்று நினைக்கிறேன். மண்டபத்தில் சில தலைகள் ஆடுவது தெரிகிறது.

அதற்கு மேலே இன்னொரு பாரமும் ஏறியது. தமிழில் படித்து உயர்தரம் எழுதிவிட்டு மருத்துவ பீடத்துக்குப் போனோம். அங்கே எல்லாம் ஆங்கிலம். நினைப்பது ஒரு மொழி, எழுதுவது இன்னொரு மொழி. ஒரு சொல்லுக்கு அகராதி பார்க்கப் போனால் சொல்ல வந்தது பறந்துவிடும். பல வருடங்களுக்குப் பிறகுதான் ஒன்று செய்யத் தொடங்கினேன். முதல் வரைவைத் தமிழில், வாயில் வருகிறபடி, ஆங்கிலச் சொல் வந்தால் அதையும் தமிழ் எழுத்திலேயே போட்டு எழுதிவிடுவேன். 'ஸ்கான் மெஷின் பழசு, மாதத்தில் பாதி நாள் ரிப்பெயர், கர்ப்பிணிப் பிள்ளைகளை இவ்வளவு தூரம் அனுப்ப வேண்டியிருக்கு' என்று எழுதிய ஒரு தாள்தான் பிறகு பணிப்பாளருக்குப் போன ஆங்கிலக் கடிதம். தமிழில் ஒரு மருத்துவக் கடிதமா என்று சிரிப்பவர்களுக்கு மானிப்பாயை நினைவூட்டுவேன். 1847இல் இங்கே வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் எங்கள் ஆட்களுக்கு மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். சொல் இல்லாத இடத்தில் சொல்லை உண்டாக்கினார். வேற்று மொழிக்காரர் அவ்வளவு செய்த மொழியில் எனக்கு ஒரு வரைவு எழுதுவதற்கு என்ன வெட்கம்?

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். இதை இந்த மேடையில் சொல்வதா என்று ஒரு கிழமை யோசித்தேன். ஆண்டையும் வைத்தியசாலையையும் சொல்ல மாட்டேன். அடையாளம் தெரியக்கூடிய சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

டெங்கு மிகுந்திருந்த ஒரு பருவம். வோட்டில் கட்டிலுக்கு அடியிலும் நோயாளிகள். ஒரு இளம் பையன், காய்ச்சலின் ஐந்தாம் நாள். டெங்குவில் ஆபத்து காய்ச்சல் குறையும்போதுதான் வரும். இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசியத் தொடங்கும். அப்போது இரத்தம் தடிக்கும். அதைப் 'பி.சி.வி.' என்ற சோதனை காட்டும், எண் ஏறும். கசிவு நின்று உடல் தேறும்போது அந்த எண் இறங்கும், அது நல்ல செய்தி. ஆனால் வயிற்றுக்குள்ளே எங்காவது இரத்தம் போனாலும் அந்த எண் இறங்கும். அது மிகக் கெட்ட செய்தி. இரண்டையும் பிரித்துக் காட்டுவது நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும். இது மருத்துவ மாணவருக்கும் தெரிந்த பாடம்.

இரவு இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு உள்ளகப் பயிற்சி வைத்தியரான பிள்ளை எனக்கு ரெலிபோன் எடுத்தது. 'மேடம், பி.சி.வி. 49இல் இருந்து 41க்கு இறங்கியிட்டுது' என்றது. நான் இரண்டு இரவு நித்திரை இல்லாமல் இருந்தேன். 'நல்லது, சேலைனைக் குறையுங்கோ, காலையில பாப்பம்' என்று சொல்லிவிட்டு வைத்தேன். நாடி எத்தனை என்று கேட்கவில்லை. நாலு மணிக்கு முன்பு மீண்டும் அழைப்பு வந்தது. ஓடிப் போனேன். இரத்தம் ஏற்றினோம், அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போனோம். அடுத்த நாள் பின்னேரம் அந்தப் பிள்ளை இறந்துவிட்டது.

டெங்குவால் ஒருவர் இறந்தால் அதை மீளாய்வு செய்வது எங்கள் சுகாதாரத் துறையில் உள்ள நடைமுறை. நடந்ததை நிபுணர் எழுதிக் கொடுக்க வேண்டும். அது தண்டிப்பதற்கு அல்ல, அடுத்தவரைக் காப்பாற்றுவதற்கு என்றுதான் சொல்வார்கள். நான் நாலு நாள் எழுதவில்லை. வேலை முடித்து வந்து கணினிக்கு முன்னால் இருப்பேன். நோயாளியின் வயது, அனுமதித்த நேரம் எல்லாம் எழுதுவேன். இரவு இரண்டு மணி வரும் இடத்தில் நின்றுவிடும். எழுந்து தேத்தண்ணி போடுவேன். அலுமாரி அடுக்குவேன். தொடக்கம் சரியில்லை என்று தொடக்கத்தை மாற்றி எழுதுவேன். தொடக்கத்தை மட்டும் பதினொரு தரம் எழுதியிருப்பேன்.

ஐந்தாம் நாள் வோட் சிஸ்டர் என் அறைக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். திரையைப் பார்த்தார். ஆங்கிலத்தில் நான் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'பி.சி.வி. குறைந்தமை அறிவிக்கப்பட்டது. திரவத்தின் வேகம் குறைக்கப்பட்டது.'

சிஸ்டர் கேட்டார், 'ஆர் டொக்டர் குறைச்சது?'

எனக்குப் பதில் வரவில்லை.

'நீங்கள் எழுத வேண்டாம். எனக்குச் சொல்லுங்கோ, நான் எழுதிறன்' என்று பழைய ஈ.சி.ஜி. தாள் ஒன்றைத் திருப்பி, இடது பக்கத்தில் நேரங்களை மட்டும் வரிசையாக எழுதினார். பத்து மணி. பன்னிரண்டு. இரண்டு. இரண்டு இருபது. மூன்று ஐம்பது. 'பத்து மணிக்கு என்ன?' என்று கேட்டார், சொன்னேன். 'இரண்டு இருபதுக்கு என்ன?' என்று கேட்டார். 'என்னைக் கூப்பிட்டவை. நான் நாடியைக் கேக்கேல்லை. சேலைனைக் குறைக்கச் சொன்னனான்' என்றேன். அவர் தலை நிமிராமல் அதை அப்படியே எழுதினார். பிறகு 'மூன்று ஐம்பதுக்கு?' என்றார்.

அரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. அன்று இரவே தட்டச்சு செய்து அனுப்பினேன்.

எனக்கு வார்த்தை வராமல் இருந்ததல்ல அது. 'குறைக்கப்பட்டது' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு எழுதப் பார்த்தேன், கை மறுத்துவிட்டது. இப்போது ஏதாவது எழுதும்போது ஒரே இடத்தில் மூன்று தரம் தடக்கினால் நான் மொழியைப் பார்ப்பதில்லை. அந்த வசனத்தில் ஆளைத் தேடுவேன். செய்தவர் யார், செய்யாமல் விட்டவர் யார்? அநேகமாக அங்கேதான் அடைத்திருக்கும். எங்கள் கந்தோர்த் தமிழும் கந்தோர் ஆங்கிலமும் 'பட்டது, பட்டது' என்று போவது தற்செயலாக என்று எனக்குத் தோன்றவில்லை.

மீளாய்வில் என்னை யாரும் ஏசவில்லை. கேள்விகள் கேட்டார்கள். இரவில் ஒரு பயிற்சி வைத்தியர் எத்தனை நோயாளிகளைப் பார்க்க வேண்டியிருந்தது என்பதும் அங்கேதான் வெளியே வந்தது. அதையும் நான் அறிக்கையில் எழுதியிருந்தேன், ஆனால் என்னுடைய வசனத்துக்குப் பிறகு. முன்னால் போட்டிருந்தால் அது சாட்டாகியிருக்கும். எங்கள் வோட்டில் அதன் பிறகு ஒரு சிறு மாற்றம் செய்தோம். பி.சி.வி.யும் நாடியும் இரத்த அழுத்தமும் ஒரே வரியில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்படி தாளைக் கீறினோம். மூன்றையும் சொல்லாமல் எவரும் ரெலிபோனில் ஒன்றைமட்டும் சொல்லக் கூடாது, கேட்பவரும் விடக் கூடாது.

அந்தப் பையனின் அம்மாவை மீளாய்வுக்குப் பிறகு சந்தித்து நடந்ததைச் சொன்னேன். என்ன சொல்வாரோ என்று உடம்பெல்லாம் நடுங்கியது. அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, 'அண்டைக்கு இரவு அவன் ஏதும் கேட்டவனோ பிள்ளை?' என்றார். எனக்குத் தெரியாது. ஆனால் நோயாளியின் பைலில் ஒரு மணிக்குத் தாதி எழுதிய குறிப்பு ஒன்று இருந்தது. தண்ணீர் கேட்டதாகவும் குடிக்கக் கொடுத்ததாகவும் ஒரு வரி. அதைச் சொன்னேன். அந்த ஒரு வரிதான் அவருக்குக் கொடுக்க என்னிடம் இருந்தது. அந்தத் தாதிப் பிள்ளை அதை எழுதும்போது முதல் வசனத்தை யோசித்துக்கொண்டு நிற்கவில்லை.

சரி, கொஞ்சம் தண்ணீர் குடிக்கிறேன்.

இனி, எனக்கு உதவுகிற சில வழிகளைச் சொல்கிறேன். எல்லாம் எல்லோருக்கும் பொருந்தாது.

எங்கள் தமிழ் ரீச்சர் 'முன்னுரையைக் கடைசியாய் எழுது பிள்ளை' என்று சொல்லுவா. தாள் இல்லாத காலத்தில் அது எப்படி முடியும் என்று மனதுக்குள் நினைப்பேன். முன்னுரைக்கு இடம் விட்டுவிட்டு இரண்டாம் பந்தியில் தொடங்கு என்று அவ சொன்னது எனக்கு முப்பத்தைந்து வயதில்தான் விளங்கியது. இப்போது எந்த அறிக்கையையும் எனக்கு நன்றாகத் தெரிந்த பகுதியில் தொடங்குவேன். அநேகமாக அது நடுவில்தான் இருக்கும்.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு மரணச் சான்றிதழ் எழுதப் பழக்குவது என் வேலைகளில் ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் படிவத்தில் இறப்பின் காரணங்களை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுத வேண்டும். மேல் வரியில் கடைசியாக நடந்தது, அதற்குக் கீழே அதற்குக் காரணமானது, அதற்கும் கீழே அதை உண்டாக்கியது. பிள்ளைகள் மேல் வரியில் தொடங்கி, 'இதயமும் சுவாசமும் நின்றன' என்று எழுதிவிட்டு நின்றுவிடுவார்கள். இறந்த எல்லோருக்கும் அதுதானே நடந்தது? அது காரணம் ஆகாது. 'அடி வரியில் தொடங்கு' என்பேன். இந்த மனிதருக்கு எது முதலில் தொடங்கியது? பதினைந்து வருடத்துக்கு முன்பு வந்த சீனி வருத்தம். அதை அடியில் எழுது. அதனால் என்ன வந்தது? சிறுநீரகம் பழுதானது. அதற்கு மேல் வரியில் எழுது. மேலே வந்து சேரும்போது சான்றிதழ் முடிந்திருக்கும். ஒரு கடிதமோ அறிக்கையோ தொடங்க முடியாமல் இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். மேலே வெறுமையாக இருக்கட்டும், அடியில் தொடங்குங்கோ. 'நான் உங்களிடம் கேட்பது இதுதான்' என்ற வசனத்தை முதலில் எழுதிவிடுங்கோ, அது தாளின் கடைசி வரியாக இருந்தாலும். பக்கம் பக்கமாக நோயாளியின் கதையை எழுதி, என்ன செய்யச் சொல்கிறோம் என்பதைச் சொல்ல மறந்த கடிதங்கள் எனக்கு வாராவாரம் வருகின்றன.

படிவங்களைத் திட்டுபவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் நல்ல படிவம் ஒரு கைலாகு. லோரன்ஸ் வீட் என்ற அமெரிக்க வைத்தியர் 1960களில் ஒரு ஒழுங்கைக் கொண்டுவந்தார். நோயாளி சொல்வது என்ன, நான் காண்பது என்ன, நான் நினைப்பது என்ன, செய்யப் போவது என்ன. உலகமெங்கும் வைத்தியர்கள் இன்றைக்கும் நோயாளியின் குறிப்பை இந்த நாலு கேள்வியில்தான் எழுதுகிறோம். வெறும் தாளைப் பார்த்துப் பயப்படலாம், கேள்வியைப் பார்த்துப் பயப்படுவது கஷ்டம். நீங்கள் வங்கியில் இருந்தாலும் பள்ளிக்கூடத்தில் இருந்தாலும் உங்கள் வேலைக்கு ஏற்ற நாலு கேள்வியை ஒரு அட்டையில் எழுதி மேசையில் வைத்துக்கொள்ளலாம்.

ஸ்காபரோவிலிருந்து வந்திருக்கும் ஒரு அக்கா நேற்று இரவு விருந்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். அவருடைய வேலையிடத்தில் வருடத்துக்கு ஒருமுறை 'நான் என்ன சாதித்தேன்' என்று தாங்களே எழுதிக் கொடுக்க வேண்டுமாம். பதினேழு வருடமாக அந்தக் கிழமை அவருக்குத் தலையிடி. அக்காவுக்கு எழுத்து வராமல் இல்லை. பிள்ளைகளுக்குச் செய்ததையும் கோயிலுக்குச் செய்ததையும் மணிக்கணக்கில் சொல்லுவார். தன்னைப் பற்றிச் சொல்வது பெருமை அடிப்பது என்று நாங்கள் வளர்க்கப்பட்டிருக்கிறோம். எங்களோடு வேலைசெய்யும் ஆண்களுக்கு இந்தத் தலையிடி வருவதாக நான் காணவில்லை. அக்காவுக்கு நான் சொன்னது, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேலை விடுவதற்கு முன் மூன்று வரி எழுதி வையுங்கோ, என்ன செய்தேன், எத்தனை, யாருக்கு. புகழ்ச்சிச் சொல் ஒன்றும் வேண்டாம். டிசெம்பரில் அதைப் பார்த்து எழுதினால் அது கணக்குக் காட்டுவது, பெருமை அல்ல. அக்கா இன்றைக்குக் காலையில் ஒரு கொப்பி வாங்கிவிட்டார் என்று கேள்வி.

இன்னொன்று, களைப்பு. நாலு இரவு நித்திரை இல்லாதவருக்கு எழுத வராது, அதற்கு நித்திரைதான் மருந்து. மாதக்கணக்கில் எதுவும் செய்ய மனமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, விடியற்புறம் விழிப்பு வந்துவிடுகிறது என்றால் அது எழுத்துப் பிரச்சினை இல்லை. வந்து என்னையோ வேறொரு வைத்தியரையோ பாருங்கோ. வெட்கப்பட ஒன்றுமில்லை.

நேரம் போய்விட்டது, ரீச்சரின் கை மணிக்குப் போவது தெரிகிறது. இந்த உரையை மலருக்கு எழுதித் தரும்படி மலர்க்குழுத் தங்கச்சி மூன்று மாதத்துக்கு முன்பே கேட்டா. நாலு தரம் ரெலிபோன் எடுத்தா. மூன்று தரமும் 'முடியப் போகுது' என்று பொய் சொன்னேன். நாலாவது தரம் 'நான் இன்னும் தொடங்கேல்லை' என்று உண்மையைச் சொன்னேன். அன்றைக்கு இரவே அந்த வோட் சிஸ்டருக்கு ரெலிபோன் எடுத்தேன். இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். 'சிஸ்டர், ஒரு பேச்சு எழுத வேணும், வரமாட்டன் எண்டுது' என்றேன். 'சொல்லுங்கோ டொக்டர், பேனை எடுத்திட்டு வாறன்' என்றார்.